அப்பா கேட்டு எழுதிய தந்தி

கணினிக்குச் சொற்களின் பொருள் தெரியுமா, அல்லது அது குறிகளை மட்டும் மாற்றிக் கொடுக்கிறதா என்று விவாதிக்கும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு அப்பாவின் வலது கை நினைவுக்கு வருகிறது.

சுதந்திரம் வந்த புதிதில் அவர் மைசூர் தந்தி ஆபீசில் இருந்தார். கருவி தட்டும் ஒலியைக் காது கேட்கும். கை அதை ஆங்கில எழுத்துகளாக்கித் தாளில் இறக்கும். கன்னடக் கல்யாணமோ மராட்டியச் சாவோ, எல்லாம் அவருக்கு எழுத்துதான். தெரிந்த ஆங்கிலமானாலும் அப்படியே. "அர்த்தம் பாத்தா கை பின்தங்கிடும்" என்பார். அவர் எழுதியதில் பிழை இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

அக்காவுக்கு நர்ஸ் படிப்பில் சேர ஆசை. மெட்ராஸ் போய் நேர்காணலும் முடித்து வந்திருந்தாள். இதற்கிடையே கொள்ளேகாலில் ஒரு வாத்தியார் வரன் அமைந்தது. சனிக்கிழமைக்குள் மெட்ராஸ் தந்தி வராவிட்டால், ஞாயிறு பூசை முடிந்ததும் வாத்தியார் வீட்டுக்குச் சம்மதம் சொல்லிவிடுவது என்று பேச்சு.

சனிக்கிழமை மாலை அப்பா சைக்கிளை நிறுத்துவதற்குள் அக்கா கேட்டாள்.

"வந்துதாப்பா?"

"இல்லம்மா. வந்திருந்தா என் கையிலதானே வந்திருக்கும்."

"வாத்தியார் நல்ல பையன்தான்" என்று அம்மா ஆரம்பித்தார். அக்கா முறத்தில் புடைத்துக்கொண்டே இருந்தாள். அதில் அரிசி தீர்ந்து வெகுநேரமாகியிருந்தது.

காபி ஆறுமுன் வாசலில் சைக்கிள் மணி. தந்தி பியூன் இறங்காமலே சிரித்தார். "சார், நிம் மனேகே தந்தி!" உங்கள் வீட்டுக்கேதான் என்று கன்னடத்தில்.

அக்கா பிரித்தாள். இடம் கிடைத்தது, திங்கட்கிழமை வந்து சேரவும். வலப்பக்கம் சாய்ந்த பென்சில் எழுத்து.

"அப்பா, இது உங்க கையெழுத்து!"

அப்பா வாங்கிப் பார்த்தார். "ஆமா. மத்தியானம் எடுத்தது."

"மேல உங்க பேரு, நம்ம தெரு. அதையும் நீங்கதான் எழுதியிருக்கீங்க!"

"பேரும் எழுத்துதானேம்மா."

"நல்லவேளை, நம்ம கல்யாணத் தேதிய எங்கப்பா நேர்ல வந்து சொன்னார்" என்றார் அம்மா. "தந்தி அடிச்சிருந்தா நீங்க வந்தே இருக்க மாட்டீங்க."

அப்பா தாளை விளக்கருகே கொண்டுபோய், விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். 'மண்டே' என்ற கடைசிச் சொல்லில் விரல் நின்றது.

"திங்கட்கிழமையா? நாளன்னைக்கேவா?"

அக்கா தலையாட்டினாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உன் பெட்டிக்குப் பூட்டு இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மறுபடி சைக்கிளை எடுத்தார்.