லவங்கத்துக்குத் தோஷமில்லை

நான் கடல் தாண்டியது உண்மைதான். விமானத்தில், நடு இருக்கையில். தாண்டிய கடலைப் பார்க்கக்கூட இல்லை. மொம்பாசா துறைமுகத்தில் எந்தக் கன்டெய்னர் எங்கே இருக்கிறது என்று சொல்லும் மென்பொருளை நிறுவிவிட்டு, ஏழு மாதம் கழித்து மைசூர் திரும்பிய வாரமே அப்பாவின் சிராத்தம் வந்தது.

அப்பாவுக்கு மகன் இல்லை. மந்திரம் சொல்வது சித்தப்பா. சமையல் அம்மாவும் நானும். வாழைக்காய்க் கறியமுது எப்போதும் என் கையால்தான். அப்பாவுக்காக நான் செய்வது வருடத்துக்கு அது ஒன்றுதான்.

முந்தின நாளே சித்தப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"சமுத்திரம் தாண்டினவ தளிகை பண்ணப்படாது. பரிசாரகருக்குச் சொல்லியாச்சு. நீ சும்னே உக்காரு."

பட்டியல் போடாமல் எனக்குக் கோபப்படவும் வராது. பெருமாள் தீர்த்தத்தில் கலக்க அவர் மேல்கோட்டையிலிருந்து வாங்கி வந்த பரிமளப் பொடி டப்பாவைத் திறந்தேன்.

"லவங்கம், கிழக்கே ஏதோ தீவுலேர்ந்து கப்பல்ல வந்தது. ஜாதிக்காயும் அப்படித்தான். பச்சைக் கற்பூரம் சுமத்ராவிலேர்ந்து. இதுக்கெல்லாம் யார் பிராயச்சித்தம் பண்ணினா சித்தப்பா?"

"வஸ்துவுக்குத் தோஷமில்லை. மனுஷாளுக்குத்தான்."

"அப்போ சிராத்தத்துல மிளகாய் ஏன் கூடாது? அதுவும் கப்பல்ல வந்ததுன்னுதானே?"

"அது வேற."

"சரி, நான் கன்டெய்னர்ல வந்திருக்கணும்."

அம்மா அவசரமாக வாழைக்காய்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மொம்பாசாவில் சப்பாத்தியைச் சப்பாத்தி என்றே சொல்கிறார்கள். ஒரு கடைக்காரர் அது தன் ஊர்ப் பண்டம் என்று எனக்கே செய்முறை விளக்கினார். எத்தனையோ தலைமுறைக்கு முன் யாரோ கொண்டுபோன சப்பாத்தி. அதை எந்தச் சித்தப்பாவும் சமையலறை வாசலில் நிறுத்தியதாகத் தகவல் இல்லை.

மறுநாள் காலை பரிசாரகர் வந்தார். வாழைக்காயைத் தட்டிப் பார்த்து, "நல்ல பிஞ்சு சுவாமி. சிங்கப்பூர்ல கோவில் மடப்பள்ளியில ரெண்டு வருஷம் இருந்தேன், இப்படிக் கிடைக்கவே கிடைக்காது" என்றார்.

சித்தப்பாவின் முகம் தரைதட்டிய கப்பலானது. "பிராயச்சித்தம் பண்ணிண்டிருப்பீரே?"

"பின்னே? பூணூல் மாத்திண்டு, பஞ்சகவ்யம் குடிச்சு."

"எனக்கு மாத்திக்கப் பூணூல் இல்லையே" என்றேன்.

"உனக்குப் பஞ்சகவ்யம் போறும்" என்றார் சித்தப்பா. அவருக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது போலிருக்கிறது, அவ்வளவு வேகம்.

பசு தரும் ஐந்தில் பால், தயிர், நெய் பற்றி எனக்குப் புகார் இல்லை. மீதி இரண்டைப் பற்றி உண்டு. மறுத்திருந்தால் வாதத்தில் நான்தான் ஜெயித்திருப்பேன். ஜெயித்துவிட்டு ஹாலில் உட்கார்ந்திருப்பேன். அப்பாவின் வாழைக்காயை வேறொருவர் நறுக்கிக்கொண்டிருப்பார்.

"மூக்கைப் பொத்திண்டு ஒரே மடக்கும்மா. நடுவுல நிறுத்தினா போச்சு" என்று ஆலோசனை சொன்னார் பரிசாரகர். அனுபவஸ்தர்.

குடித்தேன். குளித்து, மடிப்புடவை கட்டி உள்ளே போனேன். அவர் ஓர் அடுப்பை எனக்கென்று காலியாக விட்டிருந்தார்.

அப்பாவுக்கு மிளகு தூக்கலாக இருக்க வேண்டும். இடித்துப் போட்டேன், போதாது என்று தோன்றி மறுபடியும் இடித்தேன். சிராத்தச் சமையலை ருசி பார்க்கக்கூடாது. அந்த வாயை வைத்துக்கொண்டு பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது.