ஆடாத கால்விரல்

முதுகெலும்பு ஆபரேஷன் முடிந்து நான் பெங்களூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டிலில் ராஜம்மா இருந்தாள். கோலார் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மனைவி. தண்ணீர்க் குடத்தோடு படியில் விழுந்தவள். அவளுக்கும் அதே ஆபரேஷன். நான் உட்காரத் தொடங்கிவிட்டேன். அவளோ மல்லாந்தே கிடக்க வேண்டும். தன் காலைத் தானே பார்க்க முடியாது.

“அக்கா, விரலு ஆடுதா பாரு” என்பாள் காலையில்.

ஆடவில்லை. “லேசா ஆடுது கண்ணு” என்றேன். அன்றுதான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள். அப்புறம் தினமும் அதையே சொன்னேன். ஏதோ புண்ணியம் செய்கிற நினைப்பு எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷன் வந்தார். “இருங்க, நின்னு காட்டறேன்” என்றவள், நர்ஸ் ஓடி வருவதற்குள் கட்டில் கம்பியைப் பிடித்து எழும்பி, கீழே விழுந்துவிட்டாள். தையல் பிரிந்தது. காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் போய்விட்டாள்.

அவர் என்னிடம் வந்து கைகூப்பினார். “உங்க பேச்சாலதாம்மா அவ கொஞ்சமாச்சும் சிரிச்சா.”

அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை எழுதும்போதுதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

இப்போது ஞாயிறுதோறும் ஜோகுபாளையத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து கைத்தடியோடு அந்த வார்டுக்குப் போகிறேன். யாராவது காலைப் பார்க்கச் சொன்னால், கிட்டே போய் நன்றாகப் பார்க்கிறேன்.

“இன்னும் ஆடல கண்ணு. வர்ற வாரமும் வந்து பாக்கறேன்.”