ரோஜாத் தொட்டி மண்

எங்கள் மிளகாய்ப் புஞ்சை மஞ்சளாகிப் போனதற்கு நான்தான் காரணம். இத்தனை வருடங்களில் இதை யாரிடமும் சொன்னதில்லை.

அதற்கு முந்தின வருடம் வேரழுகல் வந்து பாதிச் செடி செத்துவிட்டது. இந்த வருடமும் போனால் கடலாடியை விட்டுச் சவுதிக்குப் போக வேண்டியதுதான் என்று அய்யா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வேளாண்மை அதிகாரி மண்ணைப் பரிசோதிக்கச் சொன்னார். புஞ்சையில் ஐந்து இடத்தில் அரையடி தோண்டி மண் எடுத்துவரும் வேலையை, படிப்பில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்திருந்த என்னிடம் அய்யா கொடுத்தார். எனக்குப் பத்து வயது.

வெயில் மண்டையைப் பிளந்தது. வழியெல்லாம் கருவேல முள். அத்தை கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்த ரோஜாத் தொட்டியோ வாசலிலேயே இருந்தது. அதிலிருந்த மலை மண்ணை அள்ளிப் பையில் கட்டிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் கிடந்த கரிசலால் தொட்டியை நிரப்பினேன். எல்லாம் மண்தானே என்று நினைத்தேன்.

அமிலம் மிகுந்த புளிப்பு மண், சுண்ணாம்பு போட வேண்டும் என்று முடிவு வந்தது. மலையில்தான் இப்படி இருக்கும், இந்தப் பக்கத்தில் புளிப்பு மண்ணா என்று அதிகாரியே தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். ஆனாலும் புளிப்பு போனால் வேரழுகல் அடங்கும், காய்ப்பும் கூடும் என்றார். அய்யாவுக்குத் தலைகால் புரியவில்லை. தேவிபட்டினம் பக்கமிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது.

மார்கழியில் ஒரு காலை புஞ்சைக்குப் போனேன். நரம்பு மட்டும் பச்சையாக, இலையெல்லாம் மஞ்சள். அய்யா கூட்டிவந்த அதிகாரி ஒரு செடியைப் பிடுங்கினார். வேர் கறுத்திருந்தது. இது ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த மண், இன்னும் போட்டதால் செடிக்கு இரும்புச்சத்து ஏறவில்லை, நோஞ்சான் செடியை நோயும் பிடித்துக்கொண்டது என்றார்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது அய்யாவின் கண் ரோஜாச்செடிமேல் விழுந்தது. அதிலும் அதே மஞ்சள், அதே பச்சை நரம்பு. தொட்டிக்குள் விரலை விட்டுக் கிளறினார். கரிசல் ஒட்டிய விரலோடு என்னைப் பார்த்தார்.

“மண்ணு எடுத்தது யாருண்ணே?” என்றார் அதிகாரி.

“நாந்தேன் சார். எடம் மாத்தி எடுத்துப்புட்டேன்” என்றார் அய்யா.

நான் திகைத்துப்போனேன். அன்றிலிருந்து அம்மா அவரைப் பேசாத பேச்சில்லை. எல்லாவற்றையும் அவரே வாங்கிக்கொண்டார்.

சித்திரையில் அய்யா சவுதிக்குப் புறப்பட்டார். பஸ் ஏறும்போது என் தலையில் கை வைத்து, “தொட்டிக்குத் தண்ணி ஊத்து தாயி” என்றார். மண் எடுத்தது யார் என்பதுகூட நினைவில்லாத அளவுக்கு அய்யாவுக்கு மறதி என்று முடிவுகட்டி, நிம்மதியாகக் கையாட்டினேன்.