இன்னும் கொஞ்ச நேரம் இரு

இதை யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற கேள்வி, "அன்னைக்கு எவ்வளவு குடிச்சிருந்த?" என்பதுதான். ஒரு சொட்டுகூட இல்லை. ஆட்களைத் தண்ணீருக்குள் கூட்டிப் போகிற நாளில் நான் பீர் பாட்டிலைக் கையால் தொடுவதில்லை. பேய் பிசாசு என்று பேசித் திரிகிற ஆளும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அப்புறம் உங்கள் பாடு.

என் பெயர் கஸ்பார் உயிகாப். மெக்சிகோவில், யுகதான் காட்டுக்குள் எங்கள் ஊர். இந்தப் பக்கம் ஆறே கிடையாது. பெய்கிற மழையெல்லாம் சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் போய்விடும். பாறை இடிந்த இடத்தில் பெரிய கிணறு போலப் பள்ளம் வாய் திறந்து கிடக்கும். செனோட்டே என்போம். பளிங்கு மாதிரித் தண்ணீர். முகத்தில் கண்ணாடியும் வாயில் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு அதில் மிதக்க எங்கெங்கிருந்தோ வருவார்கள். கற்றாழை நார் ஏற்ற அந்தக் காலத்தில் போட்ட தண்டவாளம் காட்டுக்குள் போகிறது. அதில் என் குதிரை பனேலா இழுக்கும் பலகை வண்டி. காலையில் ஏற்றிக்கொண்டு போய் மூன்று செனோட்டே காட்டிவிட்டு, இருட்டும் முன்னால் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். இதுதான் என் தொழில்.

அது செப்டம்பர். மழைக்காலம். மற்ற வண்டிக்காரர்கள் வானத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்கு வீட்டில் போய்ச் செய்ய ஒன்றுமில்லை. அதனால் நின்றேன்.

ஒரே ஒருவர் வந்தார். தோன்யா ஹெர்மிலா. தோன்யா என்றால் எங்கள் பக்கம் 'அம்மா' என்கிற மரியாதை. வடக்கே மொந்தெரேயில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும்.

"வானம் சரியில்ல தோன்யா. நாளைக்கு வாங்களேன்" என்றேன்.

"நனையத்தானேப்பா வந்திருக்கேன்" என்றார்.

இதற்கு மேல் என்ன சொல்ல? ஏற்றிக்கொண்டேன்.

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். குதிரை தன்னைவிட இளமையாக இருக்கிறது என்றார். அவருடைய கணவர் இந்த ஊர்த் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பாராம். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் தனியாக வந்திருக்கிறார்.

முதல் செனோட்டேயில் தோன்யா குப்புற மிதந்தபடி வெகுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தது. கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்றார். வாங்கிப் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு கோளாறும் இல்லை. திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாவதையும் பார்த்துவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து பன்றிக்கறி டாக்கோ சாப்பிட்டோம். ஹபனெரோ மிளகாயைக் கடித்துவிட்டு மூக்கை உறிஞ்சியபடியே கேட்டார், வீட்டில் யார் யார் என்று. மனைவி இருக்கிறாள், ராத்திரிக்குக் கருப்பு பீன்ஸ் வைத்துக்கொண்டிருப்பாள் என்றேன். பொய். நோர்மா கடற்கரை ஓட்டலுக்கு வேலைக்குப் போனவள். முதலில் வாராவாரம் வந்தாள். பிறகு மாதம் ஒரு முறை. பிறகு போன் மட்டும். இப்போது அதுவும் இல்லை. முன்பின் தெரியாதவரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

மூன்றாவது செனோட்டேதான் கடைசி. மேலே ஒரு துவாரம் மட்டும்தான். அதன் வழியாக மர ஏணியில் இறங்க வேண்டும். உள்ளே பெரிய குகை, குகை நிறையத் தண்ணீர். மேலேயிருந்து ஒரே ஒரு வெளிச்சத் தூண் நீருக்குள் இறங்கும். பிடித்துக்கொள்ள ஏணியடியிலிருந்து எதிர்ச் சுவர் வரை கயிறு கட்டியிருக்கிறோம்; என் சின்ன வயதிலிருந்தே ஏணியும் கயிறும் உண்டு.

அந்தத் துவாரத்தின் ஓரத்தில் எப்போதும் நீலப் பறவைகள் கத்திக்கொண்டிருக்கும். அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. மழை வரப்போகிறது, அதனால்தான் என்று நினைத்தேன்.

ஏணியின் கீழ்ப்படிகள் ஈரமாக இருந்தன. பாறையிலிருந்து சொட்டியிருக்கும் என்று நினைத்தேன்.

கயிற்றைத் தொட்டேன். எப்போதும் தொய்ந்து கிடக்கிற கயிறு... விறைப்பாக இருந்தது. அந்தக் கோடியில் யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல.

அதற்கும் ஏதோ ஒரு காரணம் நினைத்துக்கொண்டேன்.

தண்ணீரில் இறங்கியபோது மணி 2.20. தோன்யாவுக்கு லைஃப் ஜாக்கெட் போட்டு, பட்டியை நானே இறுக்கினேன். டார்ச் என் நெற்றியில் மட்டும்தான். சின்னச் சின்ன மீன்கள் வெளிச்சத்துக்குள் வந்து வந்து போயின. இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாமா என்று தோன்யா கேட்டார். சரி என்றேன்.

பாதி தூரம் போயிருப்போம். வெளிச்சத் தூண் அணைந்தது.

மங்கவில்லை. அணைந்தது. கிணற்றுக்கு மூடி போட்ட மாதிரி. மேகமாகத்தான் இருக்க வேண்டும். எங்கேயோ இடி. காதில் கேட்பதற்கு முன்னால் அதன் அதிர்வு தண்ணீரில் தெரிந்தது.

என் டார்ச் இரண்டு முறை சிமிட்டியது. நின்றுவிட்டது.

கும்மிருட்டு.

"தோன்யா?"

"இங்கதான் இருக்கேன்." இடது பக்கத்திலிருந்து வந்தது குரல்.

"பயப்படாதீங்க. கையைக் குடுங்க."

கையை நீட்டினேன். கை வந்தது. இறுகப் பிடித்துக்கொண்டது.

ஆனால் வந்தது... வலது பக்கத்திலிருந்து.

குகையில் குரல் சுற்றிச் சுற்றி வரும். திசை தெரியாது. அப்படித்தான் சமாதானம் செய்துகொண்டேன். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் அந்தக் கை. மெதுவாக நகர்ந்தேன்.

எனக்குப் பயமாகவும் இருந்தது. இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் என் கையைப் பிடித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தேன். அந்த இருட்டிலும் அது நன்றாக இருந்தது.

கொஞ்ச தூரம் போனபிறகுதான் கவனித்தேன். உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது, நாளெல்லாம் கயிறு இழுத்த கை மாதிரி. காலையில் வண்டியில் ஏற்றிவிட்டபோது தோன்யாவின் கை மெத்தென்று இருந்தது. விரலில் இரண்டு மோதிரம் இருந்தது.

இந்தக் கையில் மோதிரம் இல்லை.

இதற்குள் ஏணி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கயிறு எப்போது என் கையை விட்டுப் போனது என்றும் தெரியவில்லை. என் மூச்சுச் சத்தம் எனக்கே மிகப் பக்கத்தில் கேட்டது. தலைக்கு மேல் பாறை தாழ்ந்துகொண்டே வந்தது.

நான் அந்தக் கையைக் கூட்டிப் போகவில்லை. அது என்னைக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தது.

"தோன்யா... நீங்கதானே?"

பதில் வந்தது. காதோரத்தில். பெண் குரல். எங்கள் மாயா மொழியில்.

"இன்னும் கொஞ்ச நேரம் இரு."

மொந்தெரே டீச்சருக்கு மாயா மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

அப்போது... வெகு தூரத்தில், எனக்குப் பின்னால், உயரத்திலிருந்து...

"கஸ்பார்! எங்கப்பா போன? நான் மேல வந்து எவ்வளவு நேரமாச்சு!"

தோன்யாவின் குரல்.

கையை உதறினேன். வரவில்லை. அது கீழே இழுக்கவில்லை. நெரிக்கவில்லை. விடவில்லை, அவ்வளவுதான்.

"விட்டுடு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "மேல ஒரு அம்மா காத்திருக்காங்க."

"அவ போயிடுவா."

சொட்... சொட்... எங்கேயோ நீர் சொட்டியது.

"உன் வீட்டுல யாரு காத்திருக்கா?"

மத்தியானம் சொன்ன பொய் நாக்கு வரை வந்தது. சொல்ல முடியவில்லை. இருட்டில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை.

"யாரும் இல்ல" என்றேன்.

கை இன்னும் இறுகியது.

"ஆனா குதிரை இருக்கு. மரத்துல கட்டிப் போட்டுட்டு வந்திருக்கேன். நான் போகலன்னா அவுத்துவிட ஆளில்ல."

கை அசையவில்லை.

சொட்...

பிறகு ஒவ்வொரு விரலாக... மெல்ல... பிரிந்தது.

குரல் வந்த திசையில் அடித்து நீந்தினேன். பாறையில் தலை மோதியது. தோள் கிழிந்தது. கயிறு கையில் பட்டது. ஏணியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது.

மேலே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தோன்யா துவாரத்தின் ஓரத்தில் முழுக்க நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றார். எப்படி மேலே வந்தீர்கள் என்று கேட்டேன். என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தார்.

"நீதானே கையைப் பிடிச்சு ஏணில கொண்டுவந்து விட்ட?"

மணியைப் பார்த்தேன். 3.40. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பனேலாவின் கட்டை அவிழ்த்தேன். கழுத்தில் முகத்தை வைத்து எவ்வளவு நேரம் நின்றேனோ.  மழையிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊருக்கு வந்தோம்.

மூன்று வாரம் கழித்து தோன்யா போன் செய்தார். தூக்கம் வரவில்லையாம். அன்றைக்கு ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டாராம். ஏணியில் கால் வைத்தபோது ஒரு பெண் அவர் காதில் ஸ்பானிஷில் பேசியிருக்கிறாள். "நீ போ. உன் மக மெரிதால காத்திருக்கா" என்று. மகள் அவரைக் கூட்டிப் போக அன்று சாயங்காலம் மெரிதா பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தது உண்மை. அதை அவர் என்னிடம் சொல்லவேயில்லை.

"இன்னொண்ணும் சொன்னா கஸ்பார். உன்னைப் பத்தி. நான் என் மனப்பிரமைன்னு நெனச்சேன்."

என்னவென்று கேட்டேன்.

"'அவன் இருக்கட்டும். அவனை யாரும் தேட மாட்டாங்க'ன்னா."

நான் அதற்கப்புறம் மூன்றாவது செனோட்டேக்குள் இறங்கவில்லை. வருகிறவர்களிடம் ஏணி உளுத்துவிட்டது என்று சொல்லி இரண்டோடு திருப்பிவிடுவேன்.

பிப்ரவரியில் வெளியூரிலிருந்து குகைத் தண்ணீருக்குள் மூழ்கிப் போகிறவர்கள் சிலர் வந்தார்கள். குகையை அளந்து வரைபடம் போட. எதிர்ச் சுவருக்கு அந்தப் பக்கம், பாறை தாழ்கிற இடத்தைத் தாண்டி, ஒரு சின்ன அறை இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். எங்களில் யாருக்கும் அது தெரியாது. அங்கே பாறைத் திட்டின் மேல் ஓர் ஆணின் எலும்புக்கூடு இருந்தது. இருபது வருடமாவது ஆகியிருக்கும் என்றார்கள். போலீஸ் சுற்றுவட்டார ஊர்களிலெல்லாம் விசாரித்தது. காணாமல் போனவர் என்று யாரும், எந்த ஊரிலும், யாரையும் தேடவில்லை.

அவர் தண்ணீரில் மூழ்கிச் சாகவில்லை. அந்த அறையில் நல்ல காற்று இருக்கிறது. எலும்பில் ஒரு முறிவும் இல்லை, ஒரு காயமும் இல்லை. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாராம்.

பத்து கை வீச்சு நீந்தினால் கயிறு. கயிற்றைப் பிடித்தால் ஏணி.

அவர் போகவில்லை.