கதையில் வருகிறவன், கவிதையில் வந்தவன்

டி.டி.பி. கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சாபம் உண்டு: ஊரார் எழுதுவதையெல்லாம் நாம்தான் முதலில் படித்துத் தொலைக்க வேண்டும். என்னைப் போல விரல் தேய்ந்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா? நான் செவிலிமேட்டில் கடை போட்டிருக்கிறேன். வருகிறவர்களிடம் முதலிலேயே பாடம் எடுத்துவிடுவேன். கதை என்றால் ஆள் வேண்டும், ஊர் வேண்டும், ஏதாவது நடக்க வேண்டும், கடைசியில் முடிய வேண்டும். கவிதைக்கு அந்தத் தொல்லை இல்லை. யாரோ யாரிடமோ மனசுவிட்டுப் பேசினால் போதும்.

எல்லோருக்கும் அதே நாலு வரி

கண்ணீர் அஞ்சலிக்கு என்னிடம் நாலு வரி தயாராக இருக்கும். படமும் பெயரும்தான் மாறும். கதையில் இப்படிச் செய்ய முடியாது. ஒருவருடைய தெருவையும் சண்டையையும் இன்னொருவர் தலையில் கட்டினால் சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா?

ஏனாத்தூர்க்காரர் ஒருவர் தன் அத்தைக்கு அஞ்சலி அடிக்க வந்தார். வரிகளைப் படித்ததும் நெற்றியைச் சுருக்கினார். போன மாதம் அவர் மாமாவுக்கும் இதையேதான் போட்டிருந்தேன். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "இதையே போடும்மா. மாமா நேத்துகூட கனவுல வந்தாரு, கவிதைய பத்தி ஒண்ணும் சொல்லல."

கிட்டே வருகிற கதை

சரளா அக்காவின் கணவர் ஏகாம்பரம் பட்டு நெய்கிறவர். மகன் டில்லி அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு வீட்டைவிட்டுப் போய் மூன்று வருடம். ஒரு தகவலும் இல்லை. அக்கா அவனைப் பற்றி ஒரு கதை அடிக்கச் சொன்னார். வாரத்துக்கு ஒரு அத்தியாயம், வாட்ஸ்அப்பில் அவர் குரலிலேயே வரும். நான் அடித்து அவர் போனுக்கே திருப்பி அனுப்புவேன்.

முதல் அத்தியாயத்தில் டில்லி ஓசூரில் ஒரு ஓட்டலில் பரோட்டா போட்டான். அடுத்து ஆம்பூர். அப்புறம் வாலாஜா. சாப்பிடுவான், தூங்குவான், பஸ் ஏறுவான், அவ்வளவுதான். திருப்புட்குழிக் கோயில் குளத்தில் முகம் கழுவுகிறான் என்று வந்தபோது எனக்குக் கை ஓடவில்லை. அங்கிருந்து நம் ஊர் பஸ்ஸில் அரை மணி நேரம். "அக்கா, கதையில ஏதாவது நடக்க வேணாமா?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "நடக்குதே. கிட்ட வந்துக்கினு இருக்கான்ல."

தேதி இல்லாத அஞ்சலி

அந்த வாரமே ஏகாம்பரம் அண்ணன் அக்காவுக்குத் தெரியாமல் கடைக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மணமேடையில் பெண்ணின் கையில் அவள் அண்ணன்தான் பொரி போட வேண்டும். பையன் இருக்கிறானா இல்லையா, ஒன்று சொல்லுங்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டுவிட்டார்கள். இல்லை என்றால் சித்தப்பா மகனைப் போட வைக்கலாம். அதற்காக டில்லிக்கு அஞ்சலி அடிக்க வந்திருக்கிறார்.

மறைவுத் தேதி கேட்டேன். வேண்டாம் என்றார். என் நாலு வரியும் வேண்டாமாம். காலண்டர் தாளின் பின்பக்கம் அவரே எழுதி வந்திருந்தார். "சாப்ட்டியாப்பா. எங்க படுக்குற. நான் பேசினது தப்பு. கதவு தொறந்துதான் இருக்குது." இது அஞ்சலி மாதிரி இல்லையே அண்ணா என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கவிதைன்னா எப்போ, எங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்கல்லம்மா."

ஒரே பெயரில் இரண்டு ஃபைல்

நம் தொழிலில் இந்தத் தப்பைச் செய்யாதவர் யார்? கதையையும் 'டில்லி' என்று சேவ் செய்திருந்தேன், அஞ்சலியையும் 'டில்லி' என்று. அத்தியாயத்துக்குப் பதிலாக அஞ்சலி அக்காவின் போனுக்குப் போய்விட்டது. தலையில் அடித்துக்கொண்டேன்.

பத்து நிமிடத்தில் அக்கா வந்து நின்றார். அழுவார், இல்லை என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார் என்று பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கதையை இத்தோடு நிறுத்து என்றார். "நான் அவன பத்தியேதான் பேசிக்கினு இருந்தேன். இவரு மூணு வருஷம் கழிச்சு அவன்கிட்டயே பேசிட்டாரும்மா. இனிமே அவன் எதுக்கு வழியிலயே நிக்கணும்?"

பொரி போடும் நேரம்

அஞ்சலி அச்சாகவில்லை. ஏகாம்பரம் அண்ணன் மாப்பிள்ளை வீட்டில் "இருக்கான்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டாராம். காலை முகூர்த்தத்துக்கு நானும் போயிருந்தேன். பொரி நேரம் வந்ததும் அக்காவும் அண்ணனும் ஆளுக்கு ஓர் அடி விலகி நடுவில் இடம் விட்டார்கள். அங்கே ஒருத்தரும் இல்லை. சித்தப்பா மகன் மேடை ஏறவே இல்லை. அண்ணன் அந்தக் காலி இடத்தைப் பார்த்து, "போடுப்பா" என்றார். பெண் கையை ஏந்தியபடி நின்றாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் பக்கத்தில் போட்டோகிராபர் நின்றிருந்தார். வெளியூர்க்காரர், இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவர். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம் சொன்னார்: "மேடம், அந்தப் பையன கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க, பொண்ணு முகம் மறையுது."

கதைக்கும் கவிதைக்கும் என்ன வித்தியாசம் என்று இனி யாராவது கேட்டால், எதிரே ஜெராக்ஸ் போடுகிறவரைக் கேட்டுக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.