வாத்துக்குப் பதில்

ஆங்கிலக் கார்ட்டூன் ஒன்றில் வரும் சிடுமூஞ்சி வாத்துக்குப் பல வருடமாக நான்தான் குரல். ஒலிப்பதிவுக்கு முதல்நாள் தொண்டைக்கு ஓய்வு, யாரோடும் பேசமாட்டேன். அம்மாவின் போனையும் எடுப்பதில்லை. தொழில் ஒழுக்கம் என்று அதற்குப் பெயர் வேறு. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, கோபிக்கவும் தெரியாது.

போன ஞாயிறும் அப்படியொரு நாள்தான். பார்க்டேலில் அம்மா தனியாக இருக்கும் அப்பார்ட்மென்டுக்கு மரக்கறிப் பையோடு போய், என்னிடமிருந்த திறப்பால் கதவைத் திறந்தேன். ரீவியில் என் வாத்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தது. எனக்கு முதுகு காட்டி இருந்த அம்மா அதற்குப் பதில் சொன்னார்.

"ஓம் பிள்ளை, நான் சாப்பிட்டிட்டன். நீ சாப்பிட்டனியோ?"

வாத்து அடுத்த வசனத்துக்குப் போய்விட்டது. நானும் வாய் திறக்கவில்லை. விடிந்தால் ஒலிப்பதிவு.