கைக்குட்டையில் மடித்த அப்பம்

எழுபதுகளின் தொடக்கத்தில், நாங்கள் குடிபெயர்ந்திருந்த அயல்நாட்டு நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒரு பிரெஞ்சுக்கார விதவை இருந்தார். ஒரு ஞாயிறு எங்களை நகரத்துப் பழைய பேராலயத்துக்கு அழைத்துப் போனார். நான் தூண்களை எண்ணிக்கொண்டிருக்க, என் மனைவி அவர் பின்னாலேயே வரிசையில் போய்க் கையேந்தி நின்றாள். பாதிரியார் கையில் வைத்த மெல்லிய அப்பத்தை உண்ணாமல் கைக்குட்டையில் மடித்துக்கொண்டாள்.

கோயில் பணியாளன் ஒருவன் ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பற்றினான். ஆலயமே திரும்பிப் பார்த்தது.

"பிரசாதந்தானேங்க? காய்ச்சலோட படுத்திருக்கற உங்க தம்பிக்குன்னு சொல்லுங்க," என்றாள் மனைவி என்னிடம்.

ஆங்கிலத்தில் சொன்னேன். அப்பம் வெளியே போகக் கூடாது, வேற்று மதத்தவர் வாங்கவே கூடாது என்றான், கையை விடாமலே. விதி அவர்களுடையது, அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதை வாயால் சொன்னால் போதாதா? அவளைத் தொட அவன் யார்?

விதவை அவன் விரல்களைப் பிரித்துவிட்டு, அப்பத்தை எடுத்துத் தாமே உண்டார். மாலையில் மாடியேறி வந்து என் தம்பியின் நெற்றியில் சிலுவை வரைந்தார். மனைவிக்கு மனம் ஆறிவிட்டது. எனக்கு ஆறவில்லை. அந்தப் பேராலயத்தைக் கடந்து போகும் பேருந்தில்கூட நான் இன்றுவரை ஏறுவதில்லை.